மணக்கும் மடை

சீனிச்சாமி தன் சொந்த வயலில் திருடனைப் போலக் குனிந்து நின்றார்.

விடிந்தும் விடியாத நேரம். கார்த்திகைப் பனி இன்னும் கலையவில்லை. அவர் நெற்பயிரைத் தூர் தூராக விலக்கிப் பார்த்து, புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளிக் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு புள்ளியும் கண் மாதிரி இருந்தது. ஓரம் பழுப்பு, நடுவில் சாம்பல். ஒரு கண்ணைக் கிள்ளினால் பக்கத்துத் தூரிலிருந்து இன்னொரு கண் அவரைப் பார்த்தது.

குலைநோய். சந்தேகமே இல்லை.

"என்னண்ணே, மடி கனமா இருக்கு?"

சீனிச்சாமி திடுக்கிட்டு நிமிர்ந்தார். வரப்பில் பக்கத்து வயல்காரர் ஜக்கையன். தோளில் மண்வெட்டி, கண் மட்டும் சீனிச்சாமியின் மடிமேல்.

"கீரைப்பா."

"நெல்லு வயல்லயா?"

"வரப்போரம் மொளச்சுக் கெடந்துச்சு. வேலுத்தாயிக்கு ரொம்ப ஆசை."

"பச்சையாவே இல்லையே. காஞ்ச கீரையால்ல தெரியுது?"

"காஞ்ச கீரைதான் ஒடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டு, சீனிச்சாமி மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஏறி வேகமாக நடந்தார்.

நோய் வந்ததுகூட அவருக்குப் பெரிதில்லை. அதை வெளியே சொல்ல முடியாததுதான் பெரிய நோய். போன வருஷம் ஜக்கையன் வயலில் குலைநோய் விழுந்து கதிரெல்லாம் வெளுத்துப் போனபோது, பால்சாமியின் டீக்கடையில் ஊரே கேட்க சீனிச்சாமி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்.

"நோயி நெல்லுக்கு வர்றதில்ல ஜக்கையா, ஆளுக்குத்தான் வருது. வெள்ளெனக் காட்டுக்குப் போறவன் வயல்ல குலைநோய் எட்டிக்கூடப் பாக்காது."

கடையே சிரித்தது. சீனிச்சாமிக்கு அந்தச் சிரிப்பு மிகவும் பிடித்துப் போயிற்று. அதனால் அதையே வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கல்யாண வீட்டில் சொன்னார். போடி சந்தையில் சொன்னார். துட்டி கேட்கப் போன சாவு வீட்டில்கூடச் சொன்னார். இப்போது அந்த நோய் அவர் வயலில் வந்து உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, நீங்க வெள்ளென எந்திரிக்கிறதில்லையா?" என்று கேட்பது போலிருந்தது.

மருந்து இல்லாமலில்லை. போடியில் விவசாய டிப்போவுக்குப் போனால் மயில்துத்தம் கிடைக்கும். ஆனால் டிப்போவுக்கு எதிரிலேயே பஸ் நிற்கும் இடம். அவர் ஊரான சிலமலையிலிருந்து எவனாவது ஒருவன் எந்நேரமும் அங்கே நிற்பான். மயில்துத்தம் வாங்குகிறவன் எதற்கு வாங்குகிறான் என்று தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். அப்புறம் கீழ்வயல்காரர்கள் "நோய் வயல்ல பாஞ்ச தண்ணி எங்களுக்கு வேண்டாம்" என்று தண்ணீர் பாயும் வாமடையை அடைத்துவிடுவார்கள். பயிரையும் விட முடியாது. அது போனால் அடுத்த அறுப்பு வரை வீட்டில் கேப்பைக் கூழ்தான்.

மறுநாளே மலைக்கு ஜீப்பு ஏறினார். போடிமெட்டுக்கு மேலே, சரிவில், அவருடைய மச்சினன் சின்னமுத்து புல் தைலம் காய்ச்சிக்கொண்டிருந்தான். மலையில் ஆளுயரம் வளரும் வாசனைப் புல்லை அறுத்து, பெரிய கொப்பரையில் அடைத்து, அடியில் தீ மூட்டுவான். ஆவி குழாய் வழியே போய்க் குளிர்ந்து சொட்டும். தண்ணீர்மேல் பொன்னிறத்தில் தைலம் மிதக்கும். எலுமிச்சம் பழத்தை மூக்கிலேயே பிழிந்தது மாதிரி ஒரு மணம்.

சீனிச்சாமி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

சின்னமுத்து அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினான். "மச்சான், ஒண்ணு சொல்றேன். இங்க பெய்யுற மழைக்குச் செருப்பு, இடுப்பு வாரு, சட்டை, தலகாணி எல்லாத்துலயும் பூசணம் பூத்துரும். ஆனா இந்த அடுப்படியில மட்டும் பூக்காது. தைலம் பட்ட சாக்குகூடப் புதுசு மாதிரி இருக்கு பாருங்க."

"அதுக்கும் நெல்லுக்கும் என்னடா?"

"ஏலத்தோட்டத்துக்கு வந்த ஆபீசர் ஒருத்தர் சொன்னாரு. குலைநோயும் ஒரு பூசண வகைதானாம், இலை மேல ஏறுதாம். செருப்புல ஏறுற பூசணத்த வெரட்டுற தைலம் நெல்லுல ஏறுறத வெரட்டாதா? அடிச்சுப் பாருங்க மச்சான். பலிச்சா நெல்லு, கெட்டா வைக்கோலு."

சீனிச்சாமி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ளே, இது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. மூச்சு விட்றாத."

"நான் யாருகிட்ட மச்சான் சொல்லப் போறேன்? இந்தக் காட்டுல பேசக்கூட ஆளு கெடையாது. சொன்னா கொரங்குகிட்டதான் சொல்லணும்."

தைல டின்னைத் துண்டில் சுற்றி, மேலே சாக்கைப் போர்த்தி, மடியில் வைத்துக்கொண்டு இறங்கினார். போடியிலிருந்து வந்த பஸ்ஸில் எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். பின்சீட்டில் ஒரு பெரியவர், "எவனோ எலுமிச்சம்பழ லோடு ஏத்தியிருக்கான். இறக்கும்போது ரெண்டு கேட்டு வாங்கணும்" என்றார். சீனிச்சாமியும் அக்கறையாகச் சீட்டுக்கு அடியில் எலுமிச்சம்பழம் தேடினார்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் வேலுத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன வாசம் இது?"

"வாசமா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"எனக்குத் தெரியுது. மலைக்குப் போறேன்னு போயிட்டு மாப்பிள்ளை மாதிரி மணக்கிறீங்க. யாரு அவ?"

"எவ?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

"ஒந் தம்பிதாண்டி கொடுத்தான்!"

"என் தம்பிய எதுக்கு இதுக்குள்ள இழுக்குறீங்க?"

வேறு வழியில்லாமல் சீனிச்சாமி டின்னை நடு வீட்டில் வைத்து, குலைநோயிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்பித்தார். வேலுத்தாய் முகம் மாறியது. முதலில் நிம்மதி. அடுத்து, பயிரை நினைத்துக் கவலை. கடைசியில், அடக்க முடியாமல் சிரிப்பு.

"வெள்ளெனக் காட்டுக்குப் போறவருக்கா இந்தக் கதி?"

"நீயுமா?"

மறுநாள் காலையில் ஒரு மண்பானைத் தண்ணீரில் தைலத்தை ஊற்றிக் கலக்கி, ஈர்க்குமாற்றால் தொட்டுத் தொட்டுப் பயிர்மேல் தெளித்தார். தைலம் தண்ணீரோடு சேரவில்லை. கலக்கும்போது கூடியது, கையை எடுத்ததும் பிரிந்தது. ஒரு தூருக்கு வெறும் தண்ணீர் விழுந்தது. அடுத்த தூருக்குத் தைலமாகவே விழுந்தது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், தண்ணீர் விழுந்த இடத்தில் நோய் அப்படியே இருந்தது. தைலம் விழுந்த இடத்தில் நோயும் இல்லை, இலையும் இல்லை. தீயில் வாட்டினது போலக் கருகிக் கிடந்தது.

வேலுத்தாய் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுற மாதிரி கொஞ்சமா விடணும். நீங்க பந்தியில சாம்பார் ஊத்துற மாதிரி ஊத்தியிருக்கீங்க."

"தண்ணியில சேர மாட்டேங்குதே?"

"எண்ணெய் தேச்ச தலைய வெறுந் தண்ணியில முழுகினா பிசுக்குப் போகுதா? பூந்திக்கொட்டையக் கொண்டாங்க."

அவள் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கினாள். பானை நிறைய நுரை பொங்கியது. அதில் ஒரு கரண்டித் தைலத்தை விட்டு, மத்தால் மோர் கடைவது போலக் கடைந்தாள். பிரியவே இல்லை, பால் மாதிரி நின்றது. சீனிச்சாமி தன் மனைவியைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அந்தப் பாலைத் தெளித்ததும் பயிர் கருகவில்லை. நான்கைந்து நாளில் புதிதாக விட்ட இலையில் புள்ளியே இல்லை. பழைய புள்ளிகளும் பரவாமல் நின்றுவிட்டன. சீனிச்சாமிக்கு வரப்பிலேயே துண்டை உதறி ஆடலாம் போலிருந்தது. ஆள் நடமாட்டம் இருந்ததால் ஆடவில்லை.

ஆனால் முன்பு தண்ணீரில் சேராமல் அங்கங்கே நின்ற மணம், இப்போது நன்றாகச் சேர்ந்து ஊர் முழுக்கப் போய்விட்டது.

டீக்கடையில் பால்சாமி கிளாஸை மூக்கருகே வைத்து மோந்தார். "நான் பாலும் சீனியுந்தான் போடுறேன். டீயி எப்பிடி எலுமிச்சை மணக்குது?"

சீனிச்சாமி முந்திக்கொண்டார். "மலையில எலுமிச்சங்காடு பூத்திருக்கும். காத்துல வருது."

"ஆமா ஆமா" என்றார் ஜக்கையன் உடனே. "நானும் அதத்தான் நெனச்சேன். மலைப் பூவுதான்."

"மலைப் பூவுதான்" என்றார் பெஞ்சில் இருந்த இன்னொருவர்.

இவ்வளவு சுலபமாக ஒரு பொய் விலைபோனதை சீனிச்சாமி இதுவரை பார்த்ததில்லை. ஜக்கையன் தன் பேச்சுக்கு ஒத்து ஊதியதுதான் அவருக்கு ஆச்சரியம். பாவம், நல்ல மனுஷன், போன வருஷம் கேலி பண்ணினதை மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது கடைவாசலில் பணியாரக் கூடையை இறக்கி வைத்தாள் மூக்கம்மாள். அவளுக்கு நிலம் கிடையாது. பணியாரச் சட்டியும் ஊரில் எவருக்கும் இல்லாத ஒரு மூக்கும்தான் சொத்து. எந்த வீட்டில் என்ன குழம்பு என்று தெருமுனையில் நின்றே சொல்லிவிடுவாள்.

"வாடைக் காத்து மலையப் பாத்துல்ல போகுது" என்றாள். "மலைப் பூவு வாசம் காத்த எதுத்துக்கிட்டா வரும்?"

ஜக்கையன் அவசரமாக டீயை உறிஞ்சினார்.

"இது வயக்காட்டுப் பக்கமிருந்து வருது. வாங்க, நான் காட்டுறேன்."

அவள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். டீக்கடைக் கூட்டம் பின்னால் போயிற்று. சீனிச்சாமி ஏதேதோ பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். "மூக்கக்கா, பணியாரம் ஆறிப்போகும்" என்றார். "காலுல முள்ளு குத்தும்" என்றார். மூக்கம்மாள் நிற்கவில்லை. வாய்க்காலோரமாக, வளைவு வளைவாக, நேரே சீனிச்சாமி வயலுக்குத் தண்ணீர் திரும்பும் மடைக்கு வந்து நின்றாள். மடையில் பழைய காலத்துக் கல் ஒன்று நட்டிருக்கும். அதற்குக் கீழே, காலையில் அவர் பானை கழுவிய பூந்திக்கொட்டை நுரை வெள்ளை வெளேரென்று பொங்கி நின்றது.

"இங்கதான்!" என்றாள் மூக்கம்மாள். "இந்த நுரை என்ன? யாரு இங்க என்ன செஞ்சது? இது யாரு வயலு?"

எல்லாருடைய கண்களும் சீனிச்சாமியின் பக்கம் திரும்பின. இன்னும் ஒரு எட்டு வைத்து வயலுக்குள் இறங்கினால் கருகிய தூரும் புள்ளி இலையும் வெளியே வந்துவிடும்.

சீனிச்சாமி இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார்.

"இது மனுச வாசமில்லக்கா! நானே சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். மடையாத்தா வந்திருக்கா! வெடியக்காலம் வரும்போது கல்லுக்கிட்ட சலங்கைச் சத்தம் கேட்டுச்சு. அப்பத்துல இருந்துதான் இந்த மணம். அது நுரையில்ல, ஆத்தா பொங்க வச்ச பாலு!"

சொல்லி முடித்தபின் அவருக்கே உடம்பு கூசியது. இதை யார் நம்புவார்கள்?

ஜக்கையன் தடாலென்று கல்லின் முன் விழுந்தார். "நானும் கேட்டேண்ணே சலங்கைய! எங்க வயல்லயும் ஆத்தா நடந்திருக்கா, அங்கயும் மணக்குது!"

"எங்க வயல்லயும் மணக்குது" என்றார் பால்சாமி. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா எல்லா வயல்லயும் நடந்திருக்கா!" என்று கூட்டமே சொல்லியது.

சீனிச்சாமி வாயைப் பிளந்தார். ஒரு கரண்டித் தைலம் இத்தனை வயலுக்கா பரவியிருக்கும்? மணம் என்றால் மணம், இதல்லவா மணம் என்று மச்சினனை மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

மூக்கம்மாளும் கடைசியில் கும்பிட்டாள். ஆனால் கும்பிட்ட கையை இறக்காமலே ஒரு வார்த்தை சொன்னாள்.

"அப்பிடின்னா வெள்ளிக்கிழமை ஆத்தாளுக்குப் பொங்கல் வைக்கணும். மொதல்ல யாருக்குக் காட்சி கொடுத்தாளோ அவுக வீட்டுப் பொங்கல். அதுவரைக்கும் ஆத்தா நடமாடுற வயல்ல ஒரு ஆம்பள கால் வைக்கக் கூடாது!"

எல்லாரும் அவரவர் வயலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, "சரிதான்... அதுதான் மொறை" என்று எல்லாரும் ஈனமான குரலில் சொன்னார்கள்.

சீனிச்சாமி வீட்டுக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கதிர் வெளியே வருகிற சமயம். இன்னொரு தடவை தெளித்தே ஆக வேண்டும். கதிரின் கழுத்தில் நோய் பிடித்தால் வெளுத்து, மணியில்லாத சாவிதான்.

"பொய்யி சொன்னதுதான் சொன்னீங்க, கொஞ்சம் சின்னதாச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் வேலுத்தாய். "ஆத்தாளயா கூப்புடணும்?"

"அவசரத்துல வேற ஆளு கெடைக்கல வேலு."

புதன்கிழமை பனியோடு பனியாக, கடைந்த பானையை வேட்டியால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு மெல்ல வாய்க்கால் கரையில் போனார். மடை கண்ணில் பட்டதும் நின்றார். கல்லுக்கு அந்தப் பக்கம், பனிக்குள் ஒரு உருவம். அதன் கையிலும் ஏதோ மூடின பாத்திரம்.

"யாரது?"

"நாந்தாண்ணே, ஜக்கையன்."

"என்னப்பா இந்நேரத்துல?"

"ஆத்தாளுக்கு... மஞ்சத்தண்ணி ஊத்துறதா வேண்டுதல். நீங்க?"

"எனக்கும் அதே வேண்டுதல்தான்."

இருவரும் கல்லின் இரு பக்கமும் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். ஜக்கையன் போகட்டும் என்று சீனிச்சாமி காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். ஜக்கையனின் ஒரு கண்ணும் திறந்திருந்தது. இரண்டு கண்ணும் சட்டென்று மூடிக்கொண்டன.

இவன் என்னை உளவு பார்க்கத்தான் வந்திருக்கிறான், போன வருஷத்துப் பேச்சை மறக்கவில்லை, கையும் பானையுமாகப் பிடிக்கப் பார்க்கிறான் என்று சீனிச்சாமி முடிவு கட்டினார்.

"ரொம்ப உருக்கமாக் கும்பிடுறீங்கண்ணே."

"நீ மட்டும் என்ன, கல்லாவே நிக்கிற?"

அந்த நேரம் பார்த்து வாய்க்கால் கரையில் பூக்கூடையோடு மூக்கம்மாள் வந்தாள். "யாரு அங்க வயலோரமா?"

இருவரும் அலறியடித்துக்கொண்டு சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்கள். விழுந்த வேகத்தில் பாத்திரம் இரண்டும் உருண்டு, மடை வாயிலேயே கவிழ்ந்தன. நுரை பொங்கியது. மணம் குப்பென்று எழுந்து ஆளையே தூக்கியது.

மூக்கம்மாள் கூடையைப் போட்டாள். கண் செருகியது. கூந்தல் அவிழ்ந்தது.

"வந்துட்டேண்டா!" என்று கூவினாள். "வெள்ளிக்கிழமை பானை பொங்கும்போது என் மணம் ஊரு பூரா வீசும்! வீசலைன்னா அது சீனிச்சாமி செஞ்ச குத்தம்!"

சேற்றில் கிடந்த சீனிச்சாமிக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை. பானை காலி. வீட்டில் டின்னும் காலி. ஆத்தாளிடமிருந்து தப்பலாம், மூக்கம்மாளின் மூக்கிலிருந்து தப்ப முடியாது.

அன்றே போடிக்கு ஓடி, மலைக்குக் கிளம்பிய ஒரு ஆளிடம் மச்சினனுக்குச் சொல்லியனுப்பினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு டின்னு வெரசா வேணும்னு சொல்லுப்பா. ஜீப்புல கொடுத்து விடச் சொல்லு. ஜீப்பு ஊருக்குள்ள வரக் கூடாது. புளியமரத்தடியில நிக்கட்டும், நானே வந்து எடுத்துக்கிறேன். ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"யாருக்கும் தெரியாது அண்ணே" என்றான் அந்த ஆள், சிரிக்காமல்.

வியாழன் போயிற்று. ஜீப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஊரே மடையில் கூடியது. உறுமி முழங்கியது. கல்லுக்கு மஞ்சள் பூசி, புதுச் சீலை சாத்தியிருந்தார்கள். பெண்கள் வரிசையாகக் குலவையிட்டார்கள். வேலுத்தாய் அடுப்பு மூட்டிப் பானையை ஏற்றினாள்.

சீனிச்சாமி கும்பிட்ட கையோடு வயலைப் பார்த்தார். பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. கதிர் வந்திருந்தது. ஒன்றுகூட வெளுக்கவில்லை. வரப்போரம் முந்தி வந்த கதிரில் ஒரு மணியை நசுக்கிப் பார்த்தார், வெள்ளைப் பால் வந்தது. புதன்கிழமை மடையில் கவிழ்ந்ததும் வீணாகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஜக்கையன் வயலும் அதே பச்சை. பால்சாமி வயலும் அதே பச்சை. போன வருஷம் பார்த்த வெளுத்த கதிர் கண்ணுக்கெட்டிய மட்டும் ஒன்றுகூட இல்லை. எல்லாம் நம் தைலம் காற்றில் போய்ச் செய்த வேலை என்று எண்ணியதும் சீனிச்சாமியின் நெஞ்சு அகன்றது. போகட்டும், ஊரார் பிழைத்துப் போகட்டும். நம்மால்தான் என்று ஒருநாளும் சொல்லிக் காட்டக் கூடாது. அந்தப் பெருந்தன்மை அவருக்கே மிகவும் பிடித்திருந்தது.

"ஜக்கையா" என்றார் மெதுவாக, "இந்த வருசம் ஒன் வயலும் தேவலைப்பா."

"எல்லாம் ஆத்தா செயல்ணே" என்றார் ஜக்கையன். அவர் முகத்திலும் அதே மாதிரி ஒரு பெருந்தன்மை ஒளிவிட்டது.

பானையில் நுரை கட்டியது. மூக்கம்மாள் கூட்டத்தின் நடுவில் மூக்கைத் தூக்கி நின்றாள். ஊரே அவள் மூக்கைப் பார்த்தது.

"பொங்கப் போகுது" என்றாள் வேலுத்தாய். அடுப்பிலிருந்த விறகில் பாதியை மெல்லப் பின்னுக்கு இழுத்துவிட்டாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

"மணம் ஒண்ணும் வரலையே?" என்றாள் மூக்கம்மாள். "சீனித் தம்பி, என்ன குத்தம் செஞ்ச?"

உறுமி நின்றது. சரி, சொல்லிவிட வேண்டியதுதான் என்று சீனிச்சாமி துணிந்தார். குலைநோய், தைலம், பூந்திக்கொட்டை, எல்லாவற்றையும். வாயைத் திறந்தார்.

"அக்கா, அது வந்து..."

பானை பொங்கியது. அதே கணத்தில் காற்று திரும்பி, எலுமிச்சம் பழத்தை மூக்கிலேயே பிழிந்தாற்போல மணம் குபீரென்று அடித்தது. இதுவரை அடித்த மணமெல்லாம் ஒன்றுமேயில்லை.

"ஆத்தா வந்துட்டா!" மூக்கம்மாள் இரண்டு கையையும் விரித்துக் கூவினாள். உறுமி வெளுத்து வாங்கியது. குலவைச் சத்தம் மலைவரை போயிற்று. பெண்கள் அழுதார்கள், சிரித்தார்கள். வேலுத்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அது அழுகையில்லை.

சீனிச்சாமிக்கே மயிர்க்கூச்செறிந்தது. தைலமே இல்லாமல் மணமா? ஆத்தா நிஜமாகவே வந்துவிட்டாளா? கல்லின் முன் விழப் போனவர், கூட்டத்துக்குப் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டு அப்படியே நின்றார்.

ஜீப்பு! புளியமரத்தடியில் நிற்காமல், வண்டிப்பாதையில் ஆடி ஆடி நேரே மடைக்கே வந்துகொண்டிருந்தது. ஓட்டியவன் புது ஆள். முகமே பார்த்ததில்லை.

சீனிச்சாமி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார். நாலு எட்டு வைத்ததும் பக்கத்தில் ஜக்கையன் ஓடி வருவதைப் பார்த்தார். திரும்பினால் பால்சாமியும் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் டீக்கடைப் பெஞ்சே ஓடி வந்தது. என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் ஊரே வருகிறது என்று பயந்து இன்னும் வேகமாக ஓடினார். அவர் வேகத்தைப் பார்த்து அவர்களும் வேகமாக ஓடினார்கள்.

எல்லாரும் ஒரே நேரத்தில் ஜீப்பைப் போய்ப் பிடித்தார்கள். மூச்சிரைக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள்.

டிரைவர் இறங்கினான். சாக்கைத் தூக்கினான். வண்டி நிறைய டின்னு. இத்தனை பேர் ஓடிவந்து வரவேற்றதில் அவனுக்கு ஏக சந்தோஷம். ஊருக்கே கேட்கும்படி உரக்கக் கேட்டான்.

"மலையில சின்னமுத்து அண்ணே கொடுத்து விட்டாரு. எல்லாரும் சொல்லி அனுப்புனது போக ஒரு டின்னு மிஞ்சுது. இந்தச் சிலமலையில குலைநோய்க்குத் தைலம் வாங்காத வீடு ஏதாச்சும் இருக்கா?"